இருநூறு, எழுதிக்கோ

‘உள்நுழைக’ என்ற சொல்லைப் போட்டவள் நான்தான். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

மகளிர் சுய உதவிக் குழுக்கள் தங்கள் வரவு செலவைக் கைபேசியில் எழுதி வைத்துக்கொள்ள ஒரு செயலி. ஓ.எம்.ஆர். சாலையில் இருக்கும் ஒரு மென்பொருள் நிறுவனம் அதைச் செய்துகொண்டிருந்தது. என் பழைய மாணவி ஒருத்தி அங்கே வேலை பார்க்கிறாள். கணினி அறிவியல் படித்தவள். முதல் இரண்டு ஆண்டுகள் தமிழ் வகுப்பில் என்னிடம் இருந்தாள். கடைசி பெஞ்சு. இலக்கணம் நடத்தினால் தூங்குவாள், சிறுகதை என்றால் எழுந்து உட்காருவாள். இப்போது அவள் வேலைக்கு ‘யூசபிலிட்டி ரிசர்ச்’ என்று பெயர். ஒரு மென்பொருளை மனிதர்கள் பயன்படுத்தும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது. விரல் எங்கே தயங்குகிறது, எந்தச் சொல்லில் நெற்றி சுருங்குகிறது, எந்த இடத்தில் ‘போதும்டா சாமி’ என்று போனைக் கீழே வைக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டு வந்து, அதைச் செய்பவர்களிடம் சொல்வது. கதை கேட்கிற பிள்ளைக்கு ஏற்ற வேலைதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அழைத்தாள். “அம்மா, ஸ்க்ரீன்ல இருக்கிற தமிழ் எல்லாத்தையும் ஒருதடவை பாத்துத் திருத்திக் குடுங்க. புதன்கிழமைக்குள்ள வேணும்.”

புதன்கிழமைக்கு என்ன அவசரம் என்றேன். “ஸ்பிரிண்ட் முடியுதும்மா.”

அவர்களுக்கு இரண்டு வாரம்தான் ஒரு சுற்று. சுற்றின் தொடக்கத்தில் என்னென்ன செய்வது என்று பட்டியல் போட்டுக்கொள்வார்கள். தினமும் காலையில் கால்மணி நேரம் நின்றபடியே பேசிக்கொள்வார்கள். இரண்டாவது வாரக் கடைசியில் செய்ததைக் காட்டவேண்டும், மறுநாளே அடுத்த சுற்று. இந்தச் சுற்றின் பெயர்தான் ஸ்பிரிண்ட், குறுந்தொலைவு ஓட்டம். குறுந்தொலைவு ஓட்டத்தை வருஷம் முழுக்க யாராவது ஓடுவார்களா என்று கேட்டேன். “நாங்க ஓடுறோம்மா” என்றாள்.

இந்த வேகத்துக்கு ஒரு பூர்வீகம் உண்டு. 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஸ்னோபேர்ட் என்ற பனிச்சறுக்கு விடுதியில் பதினேழு பேர் கூடி ‘அஜைல்’ அறிக்கையை எழுதினார்கள். மாதக்கணக்கில் ஆவணம் எழுதி, வருடக்கணக்கில் கட்டி, கடைசியில் யாருக்கும் உதவாத மென்பொருளைக் கையில் கொடுக்கும் பழைய முறை அவர்களுக்குச் சலித்துப் போயிருந்தது. கொஞ்சம் செய், காட்டு, கேள், திருத்து. நியாயமான பேச்சு. கையெழுத்துப் போட்ட பதினேழு பேரும் ஆண்கள். அதைப் பழியாகச் சொல்லவில்லை. அந்த அறையில் யார் இல்லை என்று பார்ப்பது என் பழக்கம், அவ்வளவுதான்.

காட்டு என்றால் யாரிடம் காட்டுவது? பெரும்பாலும் பணம் கொடுப்பவரிடம். பயன்படுத்தப்போகிறவரிடம் காட்டுவதற்கு நேரம் எடுக்கும். கண்ணாடித் தடுப்பு வைத்த ஆய்வுக்கூடத்துக்கு ஆட்களைத் திரட்டி, பதிவுசெய்து, நாற்பது பக்க அறிக்கை எழுதி முடிப்பதற்குள் செயலி நாலு தெரு தாண்டிப் போயிருக்கும். ‘நல்ல ரிப்போர்ட், அடுத்த வெர்ஷன்ல பாத்துக்கலாம்’ என்பார்கள். என் மாணவி வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில் அப்படி மூன்று அறிக்கை எழுதியிருக்கிறாளாம். மூன்றையும் கடைசிவரை படித்தது தான் மட்டும்தான் என்றாள். முனைவர்பட்ட ஆய்வேடு எழுதியவளிடம் இதைச் சொல்லி அனுதாபம் எதிர்பார்க்கக் கூடாது.

இந்தச் சிக்கலுக்கு வழி சொன்னவர்கள் இரண்டு பெண்கள். டொராண்டோவில் ஏலியஸ் என்ற நிறுவனத்தில் வேலைபார்த்த லின் மில்லர் 2005இலும், அந்த நிறுவனத்தை ஆட்டோடெஸ்க் வாங்கிய பிறகு டெசிரே சை 2007இலும் எழுதினார்கள். அவர்கள் சொன்னது, வேலை இரண்டு தடத்தில் ஓடட்டும் என்பது. நிரல் எழுதுபவர்கள் இந்தச் சுற்றின் வேலையைச் செய்துகொண்டிருக்கும்போதே, வடிவமைப்பவர்களும் ஆய்வு செய்பவர்களும் அடுத்த சுற்றில் வரப்போவதை வரைந்து ஆட்களிடம் காட்டிவிட வேண்டும். போன சுற்றில் முடிந்ததையும் சரிபார்த்துவிட வேண்டும். காலையில் இட்லித் தட்டை இறக்கும்போதே அடுத்த நாளைக்கு அரிசி ஊறுகிற மாதிரி. நம் வீடுகளில் யாருக்கும் இதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. எழுதி வைத்தால்தான் அலுவலகத்தில் கேட்பார்கள், ஆகவே எழுதியதும் நல்லதுதான்.

ஞாயிறு இரவு உட்கார்ந்து சொற்களைத் திருத்தினேன். ‘லாகின்’ என்று இருந்த இடத்தில் ‘உள்நுழைக’. ‘பாஸ்வேர்ட்’ இருந்த இடத்தில் ‘கடவுச்சொல்’. ‘சப்மிட்’ பட்டனில் ‘சமர்ப்பிக்கவும்’. பணம் கட்டியதும் போகும் குறுஞ்செய்தியில் ‘பெறப்பட்டது’ என்று இருந்ததை, செயப்பாட்டு வினை விறைப்பாக இருக்கிறதே என்று, ‘பெற்றுக்கொண்டோம்’ ஆக்கினேன். ‘உங்கள் சேமிப்பு ரூ. 200 பெற்றுக்கொண்டோம். மொத்த இருப்பு ரூ. 14,600.’ ஒற்று மிகும் இடம், மிகா இடம் எல்லாம் பார்த்தேன். அந்தச் செய்தி யாருடைய போனுக்குப் போகிறது என்று மட்டும் கேட்கவில்லை.

அந்தப் புதன்கிழமை என்னையும் வரச்சொன்னாள். செங்கல்பட்டுப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து ஐந்து பெண்களை வேனில் அழைத்து வந்திருந்தார்கள். ஏன் ஐந்து? ஜேக்கப் நீல்சன் என்பவர் 1989லிருந்தே ‘மலிவான’ ஆய்வுமுறைகளுக்காக வாதாடியவர். ஐந்து பேரிடம் காட்டினாலே குறைகளில் எண்பத்தைந்து சதவீதம் தெரிந்துவிடும் என்று 2000இல் அவர் எழுதியது இந்தத் தொழிலில் வேதவாக்கு. பயன்படுத்துபவர்கள் ஏறக்குறைய ஒரே மாதிரியானவர்களாக இருந்தால்தான் அந்தக் கணக்கு என்றும் அவரே சொல்லியிருக்கிறார். அந்த வரி பலருக்கும் மறந்துவிடுகிறது. புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு வேனில் ஏறி வரமுடிகிற பெண்கள் யார்? நூறுநாள் வேலைக்குப் போகாதவர்கள், கம்பெனி ஷிப்ட் இல்லாதவர்கள், கைக்குழந்தை இல்லாதவர்கள். வந்த ஐவரில் இருவர் குழுவின் ஊக்குநர், பிரதிநிதி. மீட்டிங், பயிற்சி என்று போய்ப் பழகியவர்கள். அவர்களும் கண்ணாடி அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள்.

மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யவேண்டும் என்பது இந்த ஆய்வின் வழக்கமான முறை. “உங்கள நாங்க சோதிக்கல, இந்த ஆப்பைத்தான் சோதிக்கிறோம். தோணுறத எல்லாம் சொல்லுங்க” என்றாள் என் மாணவி. தோன்றுவதையெல்லாம் சொல்லாமல் இருப்பதற்காகவே வளர்க்கப்பட்டவர்களிடம் அப்படிக் கேட்டால் என்ன வரும்? “நல்லா இருக்கு மேடம்” வந்தது. ஐந்து பேரும் நல்லா இருக்கு என்றார்கள். எங்கேயாவது சிக்கிக்கொண்டால், “எனக்குப் படிப்பு பத்தாது மேடம், தப்பு எம்மேலதான்.” ஒரு அம்மா மட்டும் ‘உள்நுழைக’ என்பதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, “எங்க உள்ள நொழையணும்?” என்று நிஜமாகவே சுற்றும் முற்றும் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். இருபது வருஷமாக மொழி அதிகாரம் பற்றி மேடையில் பேசுகிறவள் நான்.

தேநீர் இடைவேளையில் அவர்கள் ஐந்து பேரும் ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டதுதான் உண்மையான ஆய்வு. ‘அந்தப் பச்சைய அமுக்கினா என்னாச்சு ஒனக்கு?’ ‘எனக்கு ஒண்ணும் ஆவல.’ ‘சமர்ப்பிக்கவும்னா கலெக்டராபீசுக்குப் போயிருமா?’ இதைக் கேட்டதும் என் மாணவிக்கு லூசி சச்மன் ஞாபகம் வந்திருக்கிறது. மானுடவியலாளரான அந்தப் பெண் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வு மையத்தில், உதவிக்குறிப்பு சொல்லும் நகல் இயந்திரத்தின் முன்னால் மனிதர்கள் திணறுவதைப் படம்பிடித்து ஆராய்ந்தவர்; 1987இல் அது புத்தகமாக வந்தது. அவர் ஆட்களைத் தனித்தனியாக உட்காரவைக்கவில்லை, இரண்டிரண்டு பேராக வைத்தார். இரண்டு பேர் சேர்ந்து ஒரு வேலையைச் செய்தால் தங்களுக்குள் பேசித்தானே ஆகவேண்டும். வாய்விட்டுச் சொல்லுங்கள் என்று மூன்றாமவர் கெஞ்ச வேண்டியதில்லை.

அதன்பின் அவள் கண்ணாடி அறையை விட்டுவிட்டாள். குழுக்கள் எப்படியும் கூடுகின்றன, நாமே அங்கே போய்விடலாம் என்றாள். 1989இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய ஏற்பாடு இது. ஸ்பிரிண்ட் என்ற பேச்சு வருவதற்கு முன்பே இந்தப் பெண்களுக்கு வாரம் தவறாத கூட்டம் இருந்திருக்கிறது, தீர்மான நோட்டு இருந்திருக்கிறது, எல்லார் முன்னாலும் கணக்கை உரக்கப் படிக்கும் வழக்கம் இருந்திருக்கிறது. அந்த ஊர்க் குழு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கூடியது. அவர்கள் வழக்கமாகக் கூடும் நேரத்தோடு நாற்பது நிமிஷம் சேர்த்துக்கொண்டால் போதும். ஆள் திரட்டும் வேலை இல்லை, வேன் வாடகை இல்லை. ஆளுக்கு இவ்வளவு என்று நிறுவனம் கொடுத்த பணத்தை என்ன செய்வது என்று அவர்களே தீர்மானம் போட்டு, குழுக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள்.

போனில் ஓடும் செயலிக்குப் பதிலாக, அடுத்த சுற்றில் வரவேண்டிய திரைகளை அட்டையில் வரைந்து எடுத்துப்போனோம். இது நல்ல யோசனை என்று உடனே தெரிந்துவிட்டது. போனைத் திட்டப் பயப்படுகிறவர்கள் அட்டையைத் தாராளமாகத் திட்டினார்கள். ஒருத்தி பேனாவை வாங்கி என் ‘சமர்ப்பிக்கவும்’ மேல் கோடு போட்டாள். இன்னொரு விதியும் வைத்திருந்தாள் என் மாணவி: நிரல் எழுதும் பிள்ளைகளில் ஒருவர் முறைவைத்து ஒவ்வொரு தடவையும் கூட வரவேண்டும். வந்து பேசக்கூடாது, பார்க்கவேண்டும். திரும்பும் ரயிலில், தாம்பரம் வருவதற்குள், பார்த்ததில் முக்கியமான மூன்று விஷயங்களை மூவரும் ஒத்துக்கொண்டு ஒரு தாளில் எழுதவேண்டும். அதுதான் அறிக்கை. வெறுமனே மூன்று வரி. மறுநாள் காலை நின்றபடி பேசும் கூட்டத்தில் அதைப் படித்துவிடுவாள்.

அப்படித்தான் ‘சமர்ப்பிக்கவும்’ போனது. குழுவில் ஒவ்வொரு பெண்ணாகப் பணத்தை நீட்டும்போது ஊக்குநரிடம் சொல்வது ஒரே வாக்கியம்: “இருநூறு, எழுதிக்கோ.” நானும் என் மாணவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இப்போது அந்தப் பட்டனில் ‘எழுதிக்கோ’ என்றுதான் இருக்கிறது. என் துறையில் ஒரு பேராசிரியர் இதைக் கேட்டுவிட்டு, பேச்சுவழக்கை அச்சில் ஏற்றுவது முறையா என்றார். ஐயா, இது உங்கள் கைபேசியில் வராது என்று சொல்லிவிட்டேன்.

மூன்றாவது செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவும். ஊர்ப்பெயரைச் சொல்லவில்லை. தொகைகளையும் மாற்றியிருக்கிறேன்.

அன்று பதிவுசெய்யும் திரையைக் காட்டினோம். கைபேசி எண்ணைக் கொடுத்தால் ஓ.டி.பி. வரும், அதைப் போட்டதும் கணக்கு திறக்கும், அதன்பின் ஒவ்வொரு முறை பணம் கட்டும்போதும் நான் திருத்திய அந்தக் குறுஞ்செய்தி வரும். ஒரு அக்கா, நாற்பது வயதிருக்கும், முதல் இரண்டு வாரமும் கலகலவென்று பேசியவர், எண்ணைப் போடும் இடத்தில் நின்றுவிட்டார். பக்கத்திலிருந்தவர், “ஒன் வூட்டுக்காரர் நம்பர்தான் இருக்கே, அதப் போடு” என்றார். அக்கா அட்டையை எடுத்துப் பார்த்தார். குறுஞ்செய்தி எழுதியிருந்த அட்டையையும் பார்த்தார். “இது வேணாம்மா” என்று இரண்டையும் கவிழ்த்து வைத்தார்.

ஏன் என்று கேட்டோம். “சும்மாதான். வேணாம்.” ஆய்வு முறைப்படி பார்த்தால் அந்த இடத்தில் ‘பணியை முடிக்கவில்லை’ என்று குறிக்கவேண்டும். காரணம் என்ற கட்டம் காலியாக இருக்கும்.

கூட்டம் முடிந்து வெளியே வந்தோம். கூட வந்திருந்த பையன் தண்ணீர் பாட்டில் வாங்கக் கடைக்குப் போயிருந்தான். அக்கா எங்களோடு நடந்து வந்தார். தெருக்குழாய்ப் பக்கம் வந்ததும் சொன்னார். சந்தா இருநூறு போக, தன் விருப்பச் சேமிப்பாகத் தனியாக முந்நூறு கட்டி வருகிறார். நாலு வருஷமாக. வீட்டில் தெரியாது. மூத்த பெண் பன்னிரண்டாம் வகுப்பு. “அவ படிப்புக்கு இருக்கட்டும்னுதான். அது தெரிஞ்சா ஒரே ராத்திரியில காலியாயிடும் கண்ணு.” என் மாணவி கையில் ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதை அக்காவுக்குக் காட்டி அணைத்தாள், அந்தப் பகுதியை அவர் கண்முன்னாலேயே அழித்தாள்.

நமக்கு இதற்கு ஒரு சொல் இருக்கிறது, சிறுவாடு. என் அம்மா அரிசிப் பானைக்குள் வைத்திருந்த சிறுவாட்டில்தான் என் எம்.ஃபில். கட்டணம் கட்டப்பட்டது. சங்கப் பாடல்களில் பெண்ணின் மறைமொழி பற்றி அத்தனை பக்கம் எழுதியவளுக்கு, அந்தச் சொல்லை ஒரு குறுஞ்செய்தியோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

ரயிலில் எழுதிய தாளில் மூன்றாவது வரி: ‘குறுஞ்செய்தியில் தொகை வரக்கூடாது.’ காரணம் எழுதவில்லை. காரணத்தை அவள் அலுவலகத்தில் யாரிடமும் சொல்லப்போவதில்லை என்றாள். ‘ஒரு பெண் பேசும் இருபது நொடி வீடியோவைப் போட்டுக் காட்டினால் எந்த மேலாளரும் மசிந்துவிடுவார், நூறு ஸ்லைடை விட அது மேல்’ என்று எனக்கு முன்பு பாடம் எடுத்தவளே அவள்தான். கையில் இருந்த அந்த ஆயுதத்தை அழித்துவிட்டு வந்திருந்தாள்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் நானும் இருந்தேன், கல்லூரி நூலகத்து மூலையிலிருந்து காணொளி வழியாக. திட்ட மேலாளரும் பெண்தான். கெட்டிக்காரி, இரண்டு குழந்தைகளோடு இரவு பதினொரு மணிக்கும் மின்னஞ்சல் அனுப்புகிறவர். அடுத்த வாரம் வங்கிக்காரர்களுக்கு டெமோ. குறுஞ்செய்தி ஏற்கெனவே கட்டி முடித்தாகிவிட்டது, அவர்கள் ஆவலாகக் கேட்டதும் அதைத்தான். “எத்தன பேரு சொன்னாங்க?” என்றார். ஒருத்தர். “அஞ்சுல ஒண்ணு. எட்ஜ் கேஸ். பேக்லாக்ல போடு, அப்புறம் பாக்கலாம்.”

எட்ஜ் கேஸ் என்றால் ஓரத்தில் எப்போதாவது வருவது, நடுவில் இருப்பவர்களுக்கு வேலை முடிந்தபின் கவனித்தால் போதும் என்று பொருள். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில், தாங்களே பயன்படுத்தும் கைபேசி இருக்கிறது என்று சொன்ன பெண்கள் நாடு முழுக்க 54 சதவீதம். மீதி நாற்பத்தாறு சதவீதத்தை எந்த ஓரத்தில் உட்காரவைப்பது? இதைச் சொல்ல நான் மைக்கை இயக்குவதற்குள் என் மாணவி வேறொரு வழியில் போய்விட்டாள்.

மைக்ரோசாஃப்டின் கணினி விளையாட்டுப் பிரிவினர் 2002இல் ஒரு முறையை எழுதினார்கள். அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கூட்டினால் ‘ரைட்’. ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ விளையாட்டில் புதியவர்களுக்குச் சொல்லித்தரும் பகுதியை அப்படித்தான் சோதித்தார்கள். ஒருவரிடம் காட்டும்போதே குறையும் தெரிகிறது, காரணமும் தெரிகிறது, திருத்தும் வழியும் தெரிகிறது என்றால் இரண்டாவது ஆளுக்காகக் காத்திருக்காதே. திருத்து. திருத்தியதை அடுத்த ஆளிடம் காட்டு. “போர் விளையாட்டுக்கு ஒரு ஆள் சொன்னா போதும்னா, இதுக்கும் போதும்” என்றாள். குரல் கொஞ்சம் நடுங்கியது. “காரணம் எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். நம்புறதுன்னா நம்புங்க.”

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு தண்ணீர் பாட்டில் வாங்கப் போன பையன் பேசினான். “எங்கம்மா சீட்டுக் கட்டுறது எங்கப்பாக்குத் தெரியாது மேடம்.” அவனிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. கவிழ்த்து வைத்த இரண்டு அட்டையை அவன் பார்த்திருந்தான். தொகையை எடுத்துவிட்டு ‘குழுக் கூட்டம் முடிந்தது’ என்று மட்டும் அனுப்ப எவ்வளவு நேரம் ஆகும் என்று மேலாளர் கேட்டார். அரை நாள் என்றான்.

வேகம்தான் நம் எதிரி என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். பெண்களின் வாழ்க்கையை அறிய நிதானமான, ஆழமான, நீண்ட ஆய்வு வேண்டும் என்று கருத்தரங்குகளில் பேசியிருக்கிறேன். ஆனால் மூன்று மாதம் செலவிட்டு ஒரு பெரிய ஆய்வு நடத்தியிருந்தால் அந்த அக்காவை ஒரே ஒரு தடவைதான் சந்தித்திருப்போம். ஒன்றரை மணி நேரம், எழுபது கேள்வி. நல்லா இருக்கு மேடம் என்று சொல்லிப் போயிருப்பார். பதினைந்து பேரை ஒரே மூச்சில் பார்ப்பதைவிட ஐந்தைந்து பேராக மூன்று தடவை பார் என்று நீல்சன் சொல்வது, நடுவில் குறைகளைத் திருத்திக்கொள்ளலாம் என்பதற்காக. இங்கே இன்னொன்றும் நடந்தது. முதல் வாரம் கோடு போட்டு அடித்த சொல் இரண்டாவது வாரம் மாறியிருந்ததை அவர் பார்த்தார். சொன்னால் கேட்கிறார்கள் என்று தெரிந்தபிறகுதான் மூன்றாவது வாரம் குழாயடி வரைக்கும் நடந்து வந்தார். இந்தக் கணக்கை எந்த ஸ்பிரிண்ட் பட்டியலிலும் எழுத இடமில்லை. அடுத்த செலவுக் குறைப்பில் முதலில் நிறுத்தப்படுவதும் இந்தச் செவ்வாய்க்கிழமைகளாகத்தான் இருக்கும். மாணவிக்கும் அது தெரியும்.

அந்த வாரக் கடைசியில் என் சம்பளக் கணக்கின் பாஸ்புக்கை எடுத்துப் பார்த்தேன். வேலையில் சேர்ந்தபோது தொடங்கிய கணக்கு. விண்ணப்பத்தை என் கணவர்தான் நிரப்பினார். எண் கேட்ட இடத்தில் அவர் எண். பதினொரு வருஷமாக என் சம்பளம் வந்த செய்தியும், நான் ஏ.டி.எம்.மில் எடுத்த ஒவ்வொரு ஐந்நூறும் அவர் சட்டைப்பையில் ஒலித்திருக்கின்றன. இதில் சதி ஒன்றும் இல்லை. நல்லவர்தான். நல்லவர்தான் என்று இந்த இடத்தில் எழுதவேண்டியிருக்கிறது, பாருங்கள். திங்கட்கிழமை வங்கிக்குப் போய் மாற்றினேன். கவுண்டரில் இருந்தவர், “சாரும் வந்திருக்காரா?” என்று கேட்டார். பத்து நிமிஷ வேலை.

செயலி வெளிவந்துவிட்டது. குறுஞ்செய்தியில் தொகை இல்லை. ‘உள்நுழைக’ இல்லை, அந்தத் திரையில் இப்போது ‘குழுவுக்குப் போ’ என்று இருக்கிறது. ஆனால் அந்த அக்கா இன்னும் அதில் இல்லை. ஓ.டி.பி. வருவது வீட்டுக்காரர் போனுக்குத்தானே. ஊக்குநரின் எண்ணையே அவருக்கும் போட்டுப் பார்த்தார்கள்; ‘இந்த எண் ஏற்கெனவே பதிவாகியுள்ளது’ என்று வந்தது. ஒரு எண்ணுக்கு ஒரு ஆள் என்பதை வைத்துத்தான் மொத்தத் தரவுத்தளமும் கட்டப்பட்டிருக்கிறது, அதுதான் ஒவ்வொருவரின் கணக்கையும் திறக்கும் சாவி. அதை மாற்றுவது அரை நாள் வேலை இல்லை, இரண்டு மூன்று சுற்றாவது ஆகும் என்கிறான் அந்தப் பையன். பேக்லாக்கில் இருக்கிறது. அக்காவின் கணக்கு பழைய பேரேட்டில், ஊக்குநரின் கையெழுத்தில்.

வரும் செவ்வாய்க்கிழமை மறுபடி போகிறோம். கைபேசி எண் கேட்கும் திரைக்கு முன்னால் இன்னொரு திரை வைக்கலாமா என்று பார்க்க, மாணவி அட்டைகள் வரைந்திருக்கிறாள். மேலே ‘போன் யாருடையது?’ என்ற கேள்வி. கீழே மூன்று பட்டன்: ‘என்னோடது’, ‘வீட்ல உள்ளவங்களோடது’, ‘போன் இல்ல’. முதல் பட்டனைத் தொட்டால் வரவேண்டிய திரை தயாராக இருக்கிறது. இரண்டாவதற்கு ஏதோ கொஞ்சம் வரைந்திருக்கிறாள். மூன்றாவதைத் தொட்டால் என்ன வரவேண்டும் என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அந்த அட்டையை வெறுமையாகவே எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றாள். பேனா நான் கொண்டுபோகிறேன்.